கேள்வியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் பட்டாள வீட்டுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மைமாரே, அக்காமாரே, மைனிமாரே,

இஞ்சிவிளை, ஊரம்பு, காரோடு, செங்கல், தனுவச்சபுரம், பொழியூர், வெள்ளறடை என்று நம் எல்லைப்புறத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீட்டைத் தேட வேண்டியதில்லை. அந்த வீடுகளில் இருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஆண்களுக்குச் சங்கங்கள் உண்டு, கூட்டங்கள் உண்டு, பழைய நண்பர்களின் தொலைபேசி எண்கள் உண்டு. அவர்கள் படுக்கையில் விழுந்த பிறகும், போய்ச் சேர்ந்த பிறகும், டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு பேருந்து மாறி மாறி அலைகிறவர்கள் நீங்கள்தான். உங்களுக்கென்று ஒரு கூட்டமும் இல்லை.

நான் ஒரு ஹவில்தாரின் மகள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுப்பவள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அரசை நோக்கி நமக்காகக் கேள்வி கேட்கக் கடமைப்பட்ட நம் மக்களவை உறுப்பினர் டெல்லியில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊருக்கு வரும்போது சால்வை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், நம் குறையை வாயால் சொல்கிறோம். வாயால் சொன்னது கார் கிளம்பும்போதே கலைந்துவிடும். அவர் அவையில் எழுந்து நின்று கேட்கக்கூடிய வடிவத்தில் ஒரு தாளை நாம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு விடாமல் பின்தொடர வேண்டும்.

'ராணுவ விஷயத்தில் எதிர்க்கட்சிக்காரர் கேள்வி கேட்கலாமா, அது பட்டாளத்துக்கே இழுக்கு இல்லையா' என்று நம் வீடுகளிலேயே சிலர் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு 1962ஐ நினைவூட்டுகிறேன். சீனப் படை எல்லைக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவையை உடனே கூட்டுங்கள் என்று வாஜ்பாய் போன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நேருவிடம் கேட்டார்கள். நவம்பர் 8 அன்று அவை கூடியது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நாள்கணக்கில் விவாதம் நடந்தது. மலையுச்சியில் நின்ற சிப்பாய்க்குக் குளிருக்கு ஏற்ற உடுப்பு இருந்ததா, நல்ல துப்பாக்கி இருந்ததா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்குள் பதவி இழந்திருந்தார். அந்த அவையில் திருவனந்தபுரம் தொகுதிக்காக உட்கார்ந்திருந்தவர் பி.எஸ். நடராஜ பிள்ளை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன், சுயேச்சையாக வென்றவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1971இல், அதே திருவனந்தபுரம் அதே கிருஷ்ண மேனனைச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பியது. பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இந்தத் தொகுதிக்குப் புதிதல்ல.

பட்டாளமும் நமக்குப் புதிதல்ல. இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியனாக இருக்கும் படை, 1704இல் பத்மநாபபுரத்தில் திரட்டப்பட்ட திருவிதாங்கூர்க் காவற்படையிலிருந்து வந்தது என்று அந்தப் படையின் சொந்த வரலாறு சொல்கிறது. பத்மநாபபுரம் நமக்குக் கூப்பிடு தூரம். 1741இல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சலும் அப்படியே. 1999 கார்கில் போரில் உயிர்கொடுத்து வீர் சக்ரா பெற்ற கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ் வெங்ஙானூர்க்காரர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் அன்று மெட்ராஸ் மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. கோட்டின் இரண்டு பக்கத்துப் பையன்களும் அதற்குப் பிறகும் ஒரே ரெஜிமெண்டுகளில்தான் சேர்ந்தார்கள். கோடு அவர்கள் வீட்டுப் பெண்களின் காகிதங்களில்தான் விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். எதிர்க்கட்சியில் இருப்பவர் கேட்டால் என்ன நடக்கும், அவரே ஆட்சிக்கு வந்தால் என்ன ஆகும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

பட்டாளத்துச் சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பருவம் அது. 1973இல் மூன்றாம் ஊதியக்குழுவுக்குப் பிறகு தங்கள் ஓய்வூதிய விகிதம் குறைந்துபோனது என்பதுதான் முன்னாள் படைவீரர்கள் தங்கள் கணக்கைத் தொடங்கும் இடம். அதோடு இன்னொரு பள்ளமும் இருந்தது. 1985இல் ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு ஒரு தொகை, அதே பதவியில் அதே அளவு காலம் பணியாற்றி 2005இல் வந்தவருக்கு அதைவிடப் பெரிய தொகை. மூத்தவர் இறந்தால் அவர் மனைவிக்கு அந்தச் சின்னத் தொகையிலும் ஒரு பங்குதான். பள்ளத்தின் அடியில் கிடந்தவர்கள் வயதான விதவைகள்.

இதைக் கேட்டு முதியவர்கள் டெல்லித் தெருவில் உட்கார்ந்தார்கள், பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் நம் மாநிலத்துக்காரரான ஏ.கே. ஆண்டனி. 2006 அக்டோபர் முதல் 2014 மே வரை அவர்தான். அவர் காலத்தின் பெரும்பகுதி இந்தக் கோரிக்கை நகரவில்லை. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். நகர்த்தியது ஒரு மனு. மாநிலங்களவையின் மனுக்கள் குழு அதை எடுத்து விசாரித்தது. குழுத் தலைவர் பகத் சிங் கோஷ்யாரி, அன்றைய எதிர்க்கட்சியான பாரதிய ஜனதாவைச் சேர்ந்தவர். அந்த முயற்சியின் பின்னால் நின்றவர்களில் ஒருவர் ராஜீவ் சந்திரசேகர், அப்போது கர்நாடகத்திலிருந்து வந்த சுயேச்சை உறுப்பினர், விமானப்படை அதிகாரியின் மகன். 2011 டிசம்பரில் குழு அறிக்கை வந்தது. எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே ஓய்வூதியம், பின்னால் உயர்வு வந்தால் அது பழையவர்களுக்கும் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்று அது தெளிவாக வரையறுத்தது. 2014 பிப்ரவரி 17 அன்று இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் அதை ஏற்று 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். ஒரு மனு அவ்வளவு தூரம் போனது.

பிறகு ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்து கேட்டவர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். ஆனாலும் முதியவர்கள் 2015 கோடையில் மறுபடி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டியிருந்தது. 2015 நவம்பர் 7 அன்று ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஆனால் கோஷ்யாரி குழு சொன்ன 'தானாகவே' அதில் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சரிசெய்வோம் என்று இருந்தது. ஐந்தாண்டு முடிந்த 2019லும் அது தானாக நடக்கவில்லை. முன்னாள் படைவீரர் அமைப்பு 2016இலேயே உச்ச நீதிமன்றம் போயிருந்தது. 2022 மார்ச் 16 அன்று, அரசின் கொள்கையில் தலையிட முடியாது என்று சொன்ன நீதிமன்றம், 2019 ஜூலை 1 முதல் மறுநிர்ணயம் செய்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. நிலுவையைத் தவணையாகத் தருகிறோம் என்று அரசு இழுத்தபோது, 2023 மார்ச் 20 அன்று நீதிமன்றம் வரிசை வகுத்தது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் வீரப்பதக்கம் பெற்றவர்களுக்கும் ஏப்ரல் 30க்குள், எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஜூன் 30க்குள், மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரி முடிவதற்குள். உங்களில் பலருக்கு அந்த ஆண்டு ஒரு தொகை வங்கியில் விழுந்ததே, அது இப்படி வந்தது. வரிசையில் விதவைகள் முதலில் நின்றதற்குக் காரணம், காத்திருந்தே செத்துப்போகிறவர்களின் கதையை யாரோ விடாமல் எடுத்துச் சொன்னதுதான்.

ஆண்டனியின் கட்சி ஆட்சியில் இருந்தபோது தயங்கியது. கோஷ்யாரியின் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது முழுதாகக் கேட்டது, ஆட்சிக்கு வந்ததும் குறைத்துக் கொடுத்தது. இதில் ஒரு கட்சி நல்லது, இன்னொன்று கெட்டது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சி இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பதில் நஷ்டமில்லை. அதனால் அவரிடம் கேட்க வைப்பதற்கான காலம் அவர் அங்கே இருக்கும்போதுதான். அந்தக் காலத்தில் அவர் கேட்டது அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், நாளை அவர் ஆட்சிக்கு வந்தாலும் அதைக் காட்டிக் கேட்கலாம்.

2024 தேர்தலை நினைத்துப் பாருங்கள். அந்த மனுவோடு நின்ற ராஜீவ் சந்திரசேகர்தான், மத்திய இணையமைச்சராக, பாரதிய ஜனதாவின் வேட்பாளராக நம் தொகுதிக்கு வந்தார். அவரை எதிர்த்து நின்ற சசி தரூர் 16,077 வாக்குகளில் வென்றார். நகரத்தின் பல பகுதிகளில் பின்தங்கியவரை முன்னே தள்ளியவை பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் ஆகிய நம் தெற்குப் பகுதிகளின் வாக்குகள். பட்டாளக்காரர்களின் ஓய்வூதியத்துக்காக மன்றாடியவரும், 2014 முதல் எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவரும் நம் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்டார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு தாள் அவர்கள் இருவர் கைக்கும் போயிருந்தால், யார் வென்றிருந்தாலும் நமக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

இனி காகிதங்களுக்கு வருகிறேன்.

தங்கம் என்று பெயருள்ள அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பளுகல் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவள். சான்றிதழில் அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் நடுவில் 'ஜி' போட்டிருப்பார். கல்யாணமாகிக் கேரளப் பக்கம் வந்தாள். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் 'கே' ஏறியது. ஞானம்மாள் என்ற பெயர் அங்கே 'ஜி'யில் தொடங்கும், இங்கே 'என்'னில் தொடங்கும். போதாததற்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு தாளில், கணவன் பெயரின் முதலெழுத்து இன்னொரு தாளில், வீட்டுப்பெயர் மூன்றாவதில். இதற்கிடையே எங்கோ ஜபல்பூரிலோ செகந்திராபாதிலோ வெலிங்டனிலோ இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில், கல்யாணம் முடிந்து கணவன் கொடுத்த விவரத்தை வைத்து ஒரு குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய பெயர் படையின் பதிவு ஆணையான பார்ட் டூ ஆர்டரில் வெளியாகியிருக்கும். கணவன் இருக்கும்வரை இதெல்லாம் ஒன்றும் செய்யாது. அவர் போன மறுவாரம்தான் இந்தப் பெயர்கள் ஒருத்தியா பலரா என்ற கேள்வி வரும்.

என் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. வில்லேஜ் ஆபீஸில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று 'ஒன் அண்ட் த சேம்' சர்டிபிகேட் வாங்கினோம். அந்தத் தாளைத் தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றோடு சேர்த்துக் கொடுத்தபோது, பள்ளிச் சான்று அந்த மாநிலம் என்பதால் அங்கிருந்தும் ஒன்று வேண்டும் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் குடியிருப்பது கேரளம் அல்லவா என்றார்கள். உங்களில் எத்தனை பேர் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் இப்படிக் கோப்போடு நின்றிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அங்கேதான் உங்களில் பலரைச் சந்தித்தேன்.

இப்போது பட்டாள ஓய்வூதியம் பிரயாக்ராஜிலிருந்து ஸ்பார்ஷ் என்ற கணினி முறையில் வருகிறது. வங்கி மேனேஜரிடம் சொல்லிச் சரிசெய்த காலம் போய்விட்டது. கணினிக்கு 'கே'யும் 'ஜி'யும் இரண்டு பெண்கள். நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க அக்ஷயா மையத்துக்குப் போனால், தேய்ந்த விரல்ரேகை பதியாது. முந்திரி உடைத்த, தறியில் நெய்த, மரச்சீனி பிடுங்கிய விரல் அது. உயிர்ச்சான்று போய்ச் சேராவிட்டால் அடுத்து பணம் நிற்கும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6,81,210 கோடி ரூபாய், அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் 1,60,795 கோடி, வாங்குபவர்கள் ஏறத்தாழ 34 லட்சம் பேர். நமக்கான பணம் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஓர் எழுத்து வேறுபாட்டால் அது நம் வாசலுக்கு வந்து திரும்பிப்போகிறது.

இதற்காக யாரும் பெரிய உரை நிகழ்த்த வேண்டாம். இரு மாநில எல்லையில் வாழும் மொழிச் சிறுபான்மைக் குடும்பங்களின் பெயர் எழுத்து வேறுபாட்டை, குடியிருக்கும் இடத்தின் ஒரே ஒரு சான்றை வைத்துத் தீர்க்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் ஓர் ஆணை போட்டால் போதும். அமைச்சகம் தானாகப் போடாது. கேட்டால்தான் போடும்.

இளைய பெண்களே, உங்களுக்கும் ஒரு விஷயம். நான்கு ஆண்டுக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பயிற்சிக்குப் போன ராணுவத்தின் முதல் அக்னிவீரர் அணிக்கு நான்கு ஆண்டு 2026 முடிவை ஒட்டி நிறைகிறது. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் உள்ளே. மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே. வெளியே வருபவருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. அதனால் கேண்டீனும் இல்லை, ஈ.சி.எச்.எஸ். மருத்துவமும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் பத்து விழுக்காடு ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதை முதல் அணி வெளியே வந்த பிறகுதான் பார்க்க முடியும்.

வெளியே வருபவரைவிட, வராமல் போகிறவரின் வீட்டை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கடமையில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, மீதிக் காலத்துச் சம்பளம், சேவா நிதி எல்லாம் உண்டு. சிறிய தொகை அல்ல, மறுக்க மாட்டேன். ஆனால் அவரோடு ஒரே பங்கரில் நின்று சண்டையில் இறந்த வழக்கமான சிப்பாயின் மனைவிக்கு, அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான தாராளக் குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வரும். அக்னிவீரரின் வீட்டுக்கு மாதம் எதுவும் வராது. மொத்தமாக வந்த பணம் நம் ஊர்களில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கடன்காரர் வருவார், தங்கை கல்யாணம் வரும், பாதியில் நின்ற வீடு வரும். இருபத்திரண்டு வயதில் தனித்துப்போன பெண்ணுக்கு அறுபது வயதுவரை வேண்டியது மாதச் சோறு.

2024 ஜூலை 1 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி இதை மக்களவையில் எடுத்தார். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் உடனே எழுந்து, ஒரு கோடி ரூபாய் தரப்படுகிறது என்றார். அடுத்தடுத்த நாட்களில் பணியில் இறந்த பஞ்சாபைச் சேர்ந்த ஒரு அக்னிவீரரின் வீட்டுக்குப் பணம் போனதா இல்லையா என்று விவாதம் திரும்பியது. 98.39 லட்சம் கொடுத்தாயிற்று என்று ராணுவம் விளக்கம் தந்தது. ராகுலின் பேச்சில் ஓய்வூதியமும் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் பேசியது தொகையைத்தான். மாத ஓய்வூதியம் ஏன் இல்லை என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் கரைந்துபோனது. சத்தமாகக் கேட்டால் சத்தமாகப் பதில் வரும், காலையில் பத்திரிகையில் வரும், மறுநாள் இன்னொன்று வரும். அதே ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு, கடமையில் இறக்கும் அக்னிவீரர்களின் குடும்பத்துக்கு வழக்கமான படைவீரர் குடும்பத்துக்குள்ள பலன்களைத் தர வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. குழுவின் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். எதிர்க்கட்சி பிடித்து உலுக்க வேண்டிய கிளை அதுதான் என்பது என் கருத்து. உங்கள் குழுவே சொன்னது, எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் எதிர்ப்பதற்கு யாருக்கும் வாய் வராது.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால், எங்களை மறந்துவிட்டாய் என்று சொல்வீர்கள். மறக்கவில்லை. 2004க்குப் பிறகு சேர்ந்த உங்கள் வீட்டுக்காரர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் உண்டு என்றது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. நீங்கள் கேட்க வேண்டியது உள்துறை அமைச்சகத்தை. தாள் வேறு, வழி ஒன்றே.

அந்த வழி என்ன என்பதைச் சொல்கிறேன். மக்களவை உறுப்பினர் கேள்வி கொடுக்கப் பதினைந்து முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம் கூடாது, வசை கூடாது, ஒரு பொருள்தான். எழுத்து வடிவப் பதில் கேட்டு, கேள்வி ஏற்கப்பட்டுவிட்டால் அமைச்சகம் பதிலை அவைமேசையில் வைத்தே தீர வேண்டும், அது இணையத்திலும் ஏறும். அதில் 'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் எழுதிவிட்டால் நீங்கள் சோர்ந்துபோக வேண்டாம். அந்த மாதிரிச் சொல் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றவில்லை என்றால் உறுதிமொழிகள் குழு அமைச்சகத்தைக் கூப்பிட்டுக் கேட்கும். நம் உறுப்பினர் கேட்கிறாரா என்று பார்ப்பதோடு நிற்காமல், பதில் வந்து மூன்று மாதம் கழித்து அவரிடம் மறுபடி போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி வேண்டாம், நேரடியாக மனுவே கொடுக்கிறோம் என்றாலும் கொடுக்கலாம். கோஷ்யாரி குழுவுக்குப் போனது போல மக்களவைக்கும் ஒரு மனுக்கள் குழு இருக்கிறது. தமிழில் எழுதலாம், ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு மொழிபெயர்ப்பைக் கையெழுத்திட்டுச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேரள அரசிடம் தமிழில் எழுதும் உரிமை 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே நமக்குக் கிடைத்தது. மலையாளம் எழுத வராது, ஆங்கிலம் தெரியாது என்று இத்தனை நாள் தயங்கிய மாமிமார் இனித் தயங்க வேண்டாம்.

நமக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் சசி தரூர், அந்தப் பக்கம் கன்னியாகுமரி உறுப்பினர் விஜய் வசந்த். இருவரும் ஒரே கட்சி, ஒரே எதிர்க்கட்சி வரிசை. இரு மாநிலக் காகிதச் சிக்கலை இரு மாநில உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டால், அது அடுத்த மாநிலத்தின் வேலை என்று தட்டிவிட முடியாது. பளுகல், கொல்லங்கோடு, மேல்புறம் பக்கத்து அக்காமாரையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்கள் கோப்பும் நம் கோப்பும் ஒன்றுதான்.

முதல் கேள்வியை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். திருத்துங்கள். 'கேரள, தமிழ்நாடு எல்லை மாவட்டங்களில் பெயர் எழுத்து வேறுபாட்டாலும் பார்ட் டூ ஆர்டர் குறையாலும் தீர்க்கப்படாமல் இருக்கும் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பங்கள் எத்தனை. அவற்றில் ஓராண்டுக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை. குடியிருக்கும் மாநிலத்தின் வருவாய்த் துறை தரும் ஒரே சான்றை ஏற்க அரசு ஆணை பிறப்பிக்குமா. விரல்ரேகை பதியாத முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து உயிர்ச்சான்று பெறும் ஏற்பாடு எல்லைக் கிராமங்களில் உண்டா. இல்லை என்றால் காரணம் என்ன?' எண்ணிக்கையை முதலில் கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. எத்தனை பேர் என்று அரசு தன் வாயால் சொல்லிவிட்டால், அப்படி ஒரு சிக்கலே இல்லை என்று பிறகு சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வி அக்னிவீரர் குடும்பத்தின் மாத ஓய்வூதியம், நிலைக்குழுப் பரிந்துரையைச் சுட்டி. அதை வீட்டில் அக்னிவீரர் இருக்கும் தாய்மார் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

கேள்விக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டு முடிக்காமல் திரும்பியதால் ஓய்வூதியமே இல்லாமல் போன பழைய சிப்பாய்கள், அவர்களின் விதவைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஹவில்தார் பதவிவரை இருந்தவர்களில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு வறுமை உதவியாக மாதம் 4,000 ரூபாய் இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பு உதவியும் மகள் கல்யாண உதவியும் அதே நேரத்தில் இரட்டித்தன. மாவட்டச் சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே ஓய்வூதியப் பங்கைப் பற்றி மனக்கசப்பு உள்ள வீடுகளையும் நான் அறிவேன். மகனை இழந்த தாய்க்கும் வேண்டும், கணவனை இழந்தவளுக்கும் வேண்டும். இருக்கும் ஒரு பங்கை இருவரும் பிடித்து இழுப்பதைவிட, பெற்றோருக்குத் தனியாக ஒரு தொகை வேண்டும் என்று இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது நல்லது.

கணவரின் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் நகல், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உங்கள் பெயர் உள்ள பக்கம், ஆதார், பள்ளிச் சான்று இருந்தால் அது, எந்த அலுவலகம் எந்தத் தேதியில் திருப்பி அனுப்பியது என்ற குறிப்பு, இவற்றை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். அசலைத் தராதீர்கள், எனக்கும் வேண்டாம், யாருக்கும் வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாக எல்லாவற்றையும் சேர்த்து இரு உறுப்பினர்களின் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

உங்களில் ஒருத்தி,
ஹவில்தார் மகள், பாறசாலை